தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது

போன தை மாதம் காரைக்குடியில், எங்கள் பக்கத்துக் கடற்படைக்காரர்கள் சிலர் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், பாதிப் பேர் விடுப்பில் வந்தவர்கள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏவுகணைப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர். நானும் அந்தப் பிரிவில்தான் இருந்தேன் என்று தெரிந்ததும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஐயா, எங்க ஸ்டோர்ல ஒரு பழைய விதிமுறைப் புத்தகம் கெடக்கு. அதுல ஒரு வரி. ஏவுகணையில எரிபொருள் நிரப்பப் போறவன் தலையில எண்ணெய் இருக்கக் கூடாதாம். சோப்புப் போட்டுத் தலை முழுகிட்டுத்தான் வரணுமாம். எவரு எழுதுனாகன்னு தெரியல. மாமியார் எழுதுன சட்டம் மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

எதிர் வரிசையிலும் சிரித்தார்கள். நான் இலையை மூடினேன். இந்தக் காலத்து ஏவுகணை குழாய்க்குள் வைத்து மூடி முத்திரையிட்டு வருகிறது. யாரும் எதையும் நிரப்புவதில்லை, தொடுவதுகூட இல்லை. அதனால் அவர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த வரி எந்த வாரத்தில், யாருடைய கையால், எதற்காக எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். அங்கே சொன்னால் ஒரு நல்ல விருந்து கெட்டுப்போகும் என்று கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். யாருக்காக இத்தனை நாள் வாயை மூடியிருந்தேனோ அவர் இப்போது உயிரோடு இல்லை. அதனால் எழுதுகிறேன். சிரித்தவர்கள் படிக்கட்டும்.

எனக்கு ஊர் கல்லல். ஆசாரிக் குடும்பம். அப்பா கதவும் நிலையும் செய்தார். நான் உளிக்குப் பதில் ஸ்பேனர் பிடிப்பேன் என்று வீட்டில் அடம்பிடித்துக் கடற்படையில் தொழில்நுட்பப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓட விட்டார்கள், திட்டினார்கள், இயந்திரத்தைப் பிரிக்கவும் கோக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அறுபதுகளின் கடைசியில் சோவியத் நாட்டிலிருந்து ஏவுகணைப் படகுகள் வாங்குவது என்று முடிவானபோது, ரஷ்ய மொழி படிக்க ஆள் எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில், கடலே உறைந்து கிடந்த ஒரு துறைமுகத்தில் நின்றுகொண்டு, காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே எங்களுக்குப் பாடம் நடத்தியவர் விக்தர் என்கிற அதிகாரி. ஒல்லியான ஆள். கரும்பலகையில் படகின் ஒரு பாகத்தை வரைவார், எங்களைத் திரும்பிப் பார்ப்பார், "இது ஏன் இப்படி?" என்று கேட்பார். பதில் தவறாக இருந்தால் திட்ட மாட்டார். ஒரு துணியால் படத்தை அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வரைவார். அந்தத் தண்டனையைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அவர் சொல்லித்தான் அந்தப் படகுகளின் பிறப்பு எனக்குத் தெரிந்தது. முதலில் அவர்கள் புதுப் படகு எதுவும் கட்டவில்லை. கையில் இருந்த டார்பிடோ படகை எடுத்தார்கள். மரத்தால் ஆன உடம்பு. டார்பிடோக் குழாய்களைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் இரண்டு ஏவுகணைகளை ஏற்றினார்கள். சின்ன மரப்படகு ஒன்று பெரிய போர்க்கப்பலை அடிக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் அலை கொஞ்சம் பெரிதானால் படகு தள்ளாடும், குறி தவறும். மர உடம்பில் இதற்கு மேல் பாரம் ஏற்ற முடியாது. எனவே அடுத்ததை எஃகில் வரைந்தார்கள். எங்களுக்கு வந்தது அந்த இரண்டாவது தலைமுறை. நாலு ஏவுகணை, ஒவ்வொன்றுக்கும் மூடிய அறை. எஃகு உடம்பு, மேல்கட்டு மட்டும் அலுமினியம், தலைப்பாரம் குறைய வேண்டும் என்பதற்காக. மூன்று டீசல் இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் சிலிண்டர்கள் நடுத்தண்டைச் சுற்றி நட்சத்திரம் போல அடுக்கியிருக்கும்.

எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் இரண்டும் நேராக உரசாதபடி நடுவில் ஒரு பட்டை வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அந்தச் சேர்மானம் அரித்துவிடும் என்பதற்காக. ஆசாரி வீட்டுப் பிள்ளை என்பதால் நான் அந்த இணைப்பைக் குனிந்து குனிந்து பார்த்தேன். விக்தருக்கு அது பிடித்திருந்தது. ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "இதை வரைந்தவர்கள் முதலில் ஏவுகணையை வரைந்தார்கள். அதைச் சுற்றிப் படகை வரைந்தார்கள். கடைசியில் மிச்சம் இருந்த இடத்தில் மனிதனை வைத்தார்கள்."

அது எவ்வளவு உண்மை என்பது படகுகள் நம்முடைய கடலுக்கு வந்தபோது தெரிந்தது. ஒவ்வோர் அறையிலும் வெந்நீர்க் குழாய் ஓடியது, குளிருக்காக. காற்று வருவதற்குத்தான் ஒழுங்கான வழி இல்லை. மே மாதத்தில் படகுக்குள் இறங்குகிறவன் இட்லிப் பானைக்குள் இறங்குகிறான். வரைந்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் கடலுக்கு வரைந்தார்கள், தங்கள் ஆட்களுக்கு வரைந்தார்கள்.

என் வேலை படகில் இல்லை, கரையில். ஏவுகணையில் எரிபொருள் நிரப்பும் குழுவில் நான் மேற்பார்வையாளன். அந்த ஏவுகணைக்கு இரண்டு திரவங்கள். ஒன்று எரிபொருள், அழுகிய மீன் வாடை அடிக்கும். மற்றது அதை எரியவைக்கும் ஆசிட், மூடியைத் திறந்தால் செம்பழுப்புப் புகை எழும்பும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் போதும், தீக்குச்சி வேண்டாம், தானாகப் பற்றும். அதனால் எரிபொருளுக்கு ஒரு குழு, ஆசிட்டுக்கு ஒரு குழு. ஒரு குழு வேலை முடித்து, இடத்தைக் கழுவி, வெளியேறிய பிறகுதான் அடுத்த குழு உள்ளே வரும். ஆசிட்டின் குணம் பொல்லாதது. துணி, மரத்தூள், கிரீஸ், எண்ணெய் என்று எரியக்கூடிய எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் மேலதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் நம்பியார். மலையாளி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆசிட் நாளில் குழுவினர் வரிசையில் நிற்பார்கள். நம்பியார் பையிலிருந்து துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுப்பார். ஒவ்வொருவனின் உள்ளங்கை, நகக்கண், கையுறை, கருவி என்று எல்லாவற்றிலும் அதை ஒற்றிப் பார்ப்பார். கறை தெரிந்தால் கைக்குட்டையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இது என்ன?" என்பார், அவ்வளவுதான். அவன் போய்க் கழுவிவிட்டு வர வேண்டும். அவன் வரும்வரை வேலை தொடங்காது. காலையில் வடை தின்ற பாவத்துக்கு மூன்று தடவை கை கழுவியவர்கள் உண்டு.

ரஷ்ய விதிமுறையில் என்ன இருந்ததோ அதை அப்படியே செய்தார். ஆடை, கையுறை, கை, கருவி. அதில் தலை இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதிய தேசத்தில் யாரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. அவர்களுக்கு அது தோன்ற வழியில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை, அது வேறு காரணத்தால். எங்களுக்குத் தலையில் எண்ணெய் இருப்பது எண்ணெயாகவே தெரியாது. கைக்குட்டையோடு வரிசையைச் சுற்றி வந்த நம்பியாரின் தலையே தேங்காய் எண்ணெயில் பளபளக்கும்.

எங்கள் ஆசிட் குழுவில் சேவுகன் என்று ஒரு பையன் இருந்தான். பையன் என்றால் இருபத்தைந்து வயது இருக்கும். கல்லலுக்கும் இளையாத்தங்குடிக்கும் இடையில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா காளியம்மாளும் தங்கை வள்ளியும்தான். ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் என்னை அண்ணே என்று கூப்பிடுவான். வேலையில் கெட்டி. வாயும் கெட்டி. எழுபத்தொன்றில், பாகிஸ்தானோடு போர் நடந்த அந்த டிசம்பரில் ஓய்வில்லாமல் நிரப்பி அனுப்பினோம். நாங்கள் நிரப்பியவை போய் எதை எரித்தன, யாரை எரித்தன என்று ரேடியோவில் கேட்டபோது எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். சேவுகன் மட்டும், "அந்த ஆசிட் புகையை ஒரு தடவை மோந்தவன் கை தட்ட மாட்டான்ணே" என்றான்.

போர் முடிந்த பிறகு வந்த கோடையில் அவனுக்குத் தலைவலி தொடங்கியது. ஆசிட் வேலைக்கு உடம்பு முழுவதும் ரப்பர் உடுப்பு, தலைக்கு ரப்பர் முக்காடு, முகத்துக்கு முகமூடி. பனி தேசத்தில் அது இதமாக இருந்தது. இங்கே வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால், கழற்றும்போது காலணியிலிருந்து வேர்வையை ஊற்றலாம். "மண்டை காயுதுண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். விடுப்பில் போனபோது அம்மாவிடமும் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போது காளியம்மாள் கல்லல் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியது.

"தம்பி, இதை அவன்கிட்டச் சேத்துருங்க. சனிக்கெழமை தவறாமத் தேய்க்கச் சொல்லுங்க. வேலைக்குப் போகையிலயும் உச்சியில ரெண்டு சொட்டு வெச்சுக்கிட்டுப் போகட்டும். சூடு எறங்கும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் தேய்த்தான். தலைவலியும் குறைந்தது. குழுவில் மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கினார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை. வரிசை நின்றது, கைக்குட்டை சுற்றி வந்தது, எல்லாம் சுத்தம். உடுப்புப் போட்டோம். ஆசிட் குழாயை ஏவுகணையோடு இணைத்து, அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது இணைப்பில் இருந்த வளையம் பிளந்து ஒரு பீச்சல் வந்தது. அப்படி நடக்கும் என்றுதான் ஒவ்வொருவனுக்கும் பின்னால் தண்ணீர்க் குழாயோடு ஓர் ஆள் நிற்பான். பீச்சல் சேவுகனின் கழுத்தில் பட்டது. பின்னால் நின்றவன் உடனே தண்ணீரைத் திறந்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். யாரும் தாமதிக்கவில்லை.

முக்காட்டின் மடிப்பு வழியாக ஆசிட் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. தண்ணீர் முக்காட்டின் மேலே வழிந்தது. உள்ளேயிருந்து புகை வந்தது. பிறகு அந்த ரப்பர் உள்ளேயிருந்து உப்பி, நிறம் மாறியது. கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தோம். உள்ளே தலை எரிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளேயே எரிந்தது. இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

எங்கள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தலையில் என்ன தடவியிருந்தான்?" நான் சொன்னேன். நம்பியார் மெதுவாகக் கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டார். விரல்களைப் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்து, அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் இல்லாவிட்டால் பிழைத்திருப்பானா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். கழுத்தில் தழும்போடு பிழைத்திருக்கலாம் என்றார்.

அந்த வாரமே நம்பியார் தம் கைப்பட அந்த வரியை எழுதினார். அதை ரஷ்ய மொழியில் பெயர்த்துச் சொல்லச் சொன்னார்கள், எங்கள் தளத்தில் இருந்த ரஷ்ய நிபுணருக்காக. நான் சொன்னதும் அவர் என் ரஷ்ய மொழி தவறென்று நினைத்து மறுபடி கேட்டார். "எண்ணெயா? தலையிலா? எதற்கு?" நான் எதற்கென்று சொல்வது? சூடு இறங்க என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

சேவுகனைத் தளத்திலேயே மரியாதையோடு எரித்தார்கள். அஸ்தியையும் அவனுடைய டிரங்குப் பெட்டியையும் ஊரில் சேர்க்க என்னை அனுப்பினார்கள். கிளம்பும்போது நம்பியார் அவருடைய தமிழில் சொன்னார்: "சுப்பையா, அம்மாகிட்ட விபத்துன்னு மாத்திரம் சொன்னா மதி, போதும். ஆசிட், ஏவுகணை ஒண்ணும் வேண்டா. ரகசியம்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எண்ணெய்யும் வேண்டா" என்றார். அது உத்தரவில் இல்லாதது.

காளியம்மாள் அழுது ஓய்ந்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எதுல தம்பி எறந்தான்?"

"வேலையில விபத்துக்கா. அதுக்கு மேல சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"வலிச்சுச்சா?"

"இல்லக்கா."

டிரங்குப் பெட்டியை வள்ளி திறந்தாள். சட்டைகளுக்கு நடுவில் அந்தக் கண்ணாடிக் குப்பி இருந்தது. தளத்தில் பெட்டியைக் கட்டியவர்கள் அவன் சாமான் என்று அதையும் துடைத்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் வழியிலேயே எறிந்திருப்பேன். காளியம்மாள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காலியாக் கெடக்கே. இவன் தேய்ச்சானா, இல்ல கூட்டாளிகளுக்குக் குடுத்துத் தீத்துப்புட்டானா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? பெற்றவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அது உண்மையாகவும் இருந்தது.

"சனிக்கெழமை தவறாமத் தேய்ச்சான்க்கா. அன்னைக்குக் காலையிலகூட வெச்சுக்கிட்டுத்தான் வேலைக்கு வந்தான்."

அவர் குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்ப குளுமையாத்தான் போயிருக்கான்" என்றார்.



அதன் பிறகு ஒவ்வொரு விடுப்புக்கும் அவரைப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் திரும்பும்போது ஒரு குப்பி தருவார். "அங்குட்டு வெயில்ல நிக்கிற மத்த பிள்ளைகளுக்குக் குடுங்க தம்பி" என்பார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொள்வேன். தளத்தில் சமையல்காரரிடம் கொடுத்துவிடுவேன். மிளகு வாடையோடு இருக்கிறதே என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே தோசைக்கு ஊற்றுவார். இதற்கிடையில் எங்களுக்குப் புது ரகப் படகுகளும் வந்தன. அவற்றில் ஏவுகணையின் இறக்கை மடங்கும், அதனால் பெரிய அறைகளுக்குப் பதில் உருண்டைக் குழாய்கள். வரைந்தவர்கள் எவ்வளவோ திருத்தியிருந்தார்கள். ஆசிட் மட்டும் அதே ஆசிட். எங்கள் புத்தகத்தில் அந்த வரியும் அப்படியே இருந்தது. நம்பியார் இப்போது கைக்குட்டையை முதலில் தலையில்தான் ஒற்றினார். அவருடைய முடி வறண்டு, தேங்காய் நார் மாதிரி நின்றது.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு விடுப்பு. காளியம்மாள் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார். வழக்கமாக வாசல் பக்கம் எடுத்து வைத்திருக்கும் குப்பி அன்று கண்ணில் படவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"நம்ம மேலத்தெருப் பாண்டி கடற்படையில சேந்துருக்கான்ல, போன வாரம் வந்திருந்தான். ஒங்க எடத்துலதான் போட்டிருக்காகளாம். நீங்க கொண்டுபோறது பத்தாதுன்னு அவன்கிட்டயும் ஒரு குப்பி குடுத்தேன். வேணாம்னுட்டான். எரிபொருள் வேலைக்குப் போறவுக தலையில எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு சட்டமாம். வெச்சா தீப்பிடிச்சுக்கிருமாம்."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அப்படிச் சட்டம் இருக்கா தம்பி?"

"இருக்குக்கா."

"அது எப்ப வந்துச்சு? சேவுகனுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

எத்தனையோ அதிகாரிகள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். விக்தர் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திக் கேட்டிருக்கிறார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. முன்னால் என்று சொன்னால், சட்டத்தை மீறித் தன் சாவைத் தானே தேடிக்கொண்டவன் என்று அவர் மகன் ஆகிவிடுவான். சட்டத்துக்கு அடங்கிய பிள்ளை, அதனால் எண்ணெயே வைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அன்று காலையிலும் வைத்துக்கொண்டான் என்று இதே வீட்டில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன். பின்னால் என்று சொன்னால், அந்தச் சட்டம் யாரால் வந்தது, எந்தக் குப்பியால் வந்தது என்பதும் சேர்ந்தே வந்துவிடும்.

"பின்னாலக்கா" என்றேன்.

அவர் இன்னொரு கரண்டி குழம்பை என் இலையில் ஊற்றினார். கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தார்.

"சரி. மத்த பிள்ளைக பொழச்சுச்சுகள்ல" என்றார். "சாப்புடுங்க தம்பி. ரசம் ஊத்தவா?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த விடுப்பில் போனபோதுதான் கவனித்தேன். எப்போதும் படிய வாரி எண்ணெய் மினுங்கக் கொண்டை போட்டிருக்கும் பெண்மணி, தலை பறந்துபோய் உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லையா என்று வள்ளியிடம் கேட்டேன். "என்னான்னு தெரியலண்ணே, எண்ணெயே தொட மாட்டேங்குது. கேட்டா பேச மாட்டேங்குது" என்றாள். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்றுக் கல்லலுக்கு வந்து சில வருடங்கள் கழித்துக் காளியம்மாள் இறந்தார். போனேன். குளிப்பாட்டுவதற்கு நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, நாலு புடவைகளை மறைப்பாகக் கட்டிப் பெண்கள் உள்ளே அவரைக் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். நான் வெளியே மற்ற ஆண்களோடு நின்றேன். யாரோ ஒரு பெண் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவா என்றாள். வள்ளியின் குரல் கேட்டது.

"எண்ணெய் வேணாம் அத்தை. ஆத்தா சொல்லிட்டுப் போயிருக்கு. கடைசியாக் குளிப்பாட்டையிலயும் என் தலையில எண்ணெய் வெச்சுறாதீகன்னு."

உள்ளே கசகசவென்று பேச்சு எழுந்தது. எண்ணெய் வைக்காமல் அனுப்புவதா, இது எந்த ஊர் வழக்கம் என்றார்கள். வள்ளி விட்டுக்கொடுக்கவில்லை. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். சேவுகன் செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. பிறகு செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது, தலையில் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு கிழவியின் குரல்:

"போதும் விடுங்கடி. எத்தனை வருசமா எண்ணெய் காணாத தலையோ. ஒரு செம்புத் தண்ணியிலயே சுத்தமாயிருச்சு."